பெல்ட்டோடு அறுபத்திரண்டு கிலோ

இருபத்தாறு வருஷம் ஊரார் நெல்லை நான் எடை போட்டேன். அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் என்னை எடை போட ஆரம்பித்தார்கள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் நான் எடைக்காரன். வண்டியில் வந்த மூட்டையைக் குத்தூசியால் குத்தி, கையில் விழுந்த நெல்லில் நாலைக் கடித்துப் பார்த்து, ஈரத்துக்கு இவ்வளவு கழிவு, சாக்குக்கு இவ்வளவு கழிவு என்று சொல்லுவேன். என் பல்லை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு, ஜெயித்தவர்கள் இல்லை. மேலே காய்ந்த நெல்லும் அடியில் ஈர நெல்லும் போட்டுத் தைத்த மூட்டை, எடை நடக்கும்போது தெரியாமல் பட்ட மாதிரி தராசுப் பலகையில் ஊன்றிய கால், எல்லாவற்றையும் பார்த்தவன். என்னை ஏமாற்ற முடியாது என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது. கடைசியில் என்னை ஏமாற்றியது நானேதான். அதை யாரும் சொல்லுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு தஞ்சாவூரில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டரில் சேர்ந்தேன். திங்கள், புதன், வெள்ளி. ஐந்து படுக்கை, ஐந்து மெஷின். முன்னே அந்த இடத்தில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி இருந்தது. சுவரில் வரைந்திருந்த ஆகாய விமானத்தை வெள்ளையடித்தும் அழிக்க முடியவில்லை. மங்கலாக, என் படுக்கைக்கு நேர் மேலே, அது துபாய்க்குக் கிளம்பிக்கொண்டே இருந்தது.

அங்கே ராஜ்ஜியம் நடத்தியவர் சிஸ்டர். பூண்டிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முப்பத்தைந்து வயசிருக்கும். மெஷினில் சேர்க்கும் முன்னால் எடை, இறக்கிய பின்னால் எடை. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் ஏறிய எடை எல்லாம் நாம் குடித்த தண்ணீர். அதை மெஷின் எடுக்க வேண்டும். வேண்டாத தண்ணீர் எல்லாம் போன பிறகு உடம்பு நிற்க வேண்டிய எடைக்கு டிரை வெயிட் என்று பெயர். எனக்கு அறுபத்திரண்டு என்று முதல் மாதத்தில் முடிவானது. சிஸ்டர் விளக்க ஆரம்பித்ததுமே நான் குறுக்கிட்டு, "புரிஞ்சிடுச்சு சிஸ்டர். ஈரக் கழிவு போக நிகர எடை," என்றேன். "யாருங்க சார் நீங்க, இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் புரிஞ்சதில்ல," என்றார். எனக்கு ஒரே பெருமை.

புரிந்ததே தவிர, தாகம் அடங்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான், காபி ரசம் எல்லாம் அதற்குள்ளே என்று உத்தரவு. சித்திரை வெயிலில் ஒரு பாட்டில்! ஒவ்வொரு தடவையும் மூன்று கிலோ ஏறிப் போவேன். சிஸ்டர் எடையைப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டுவார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அதில் தனி ஆனந்தம். அவர் நீடாமங்கலத்திலிருந்து பாசஞ்சரில் வருகிற விவசாயி. மகன் துபாயில். ஒரு காலத்தில் எங்கள் ஆலைக்கு நெல் கொண்டு வந்தவர். அவர் நெல்லுக்கு ஈரக் கழிவு போட்டவன் நான். "எடைக்காரரே, இன்னிக்கு எவ்வளவு ஈரம்?" என்று வரும்போதெல்லாம் கேட்பார். அப்புறம் அவராகவே, "மேட்டூர்ல தண்ணி தொறக்கலையேன்னு அழுத ஆளுங்க நாம. இப்பப் பாருங்க, வாய்க்கா இருக்கு, வடிகாலு அடைச்சுப் போச்சு," என்று சிரிப்பார்.

இந்த நேரத்தில்தான் என் மகள் பிரச்சினையைக் கிளப்பினாள். அவள் சிங்கப்பூரில் பிஸ்கட் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறாள். உடைந்த பிஸ்கட்டை ஒதுக்கி வைப்பதற்கு ஒரு படிப்பு, ஒரு பிரிவு, ஒரு விசாவா என்று நான் நினைத்தது உண்டு, அவளிடம் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாள்.

"அப்பா, நீங்க போற எடத்துல குவாலிட்டி எப்படின்னு எனக்குத் தெரியணும். ஒரு லிஸ்ட் மெயில் அனுப்புறேன். ஒவ்வொண்ணாப் பாத்து எழுதுங்க. சரியில்லைன்னா தம்பி வீட்டுக்குப் போயிடுங்க. சென்னைல பெரிய ஆஸ்பத்திரியாப் பாத்து வச்சிருக்கேன்."

என் மகன் வீடு சென்னையில் ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஏ.சி. பெட்டி. ஒரு தடவை பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். பேச ஆள் கிடைக்காமல் லிஃப்ட்டோடு பேசினேன். மிச்சம் இருக்கிற நாளை எங்கள் ஊரில், என் வீட்டில், நாலு பேரோடு வம்பளந்துகொண்டு கழிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதனால் இந்த சென்டர் பாஸாகியே தீர வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் பிரவுசிங் சென்டரில் அந்த லிஸ்டைப் பிரிண்ட் எடுத்தேன்.

இருபது கேள்விகள். நான் குத்தூசி பிடித்த கையால் பேனா பிடித்தேன்.

ஊழியர்கள் ஒவ்வொரு தடவையும் கை கழுவுகிறார்களா? நாலு மணி நேரம் சிஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன சார், என் மோதிரம் ஏதாச்சும் காணோமா?" என்றார். கழுவிக் கழுவி அந்தக் கை ஊறப்போட்ட கை மாதிரி வெளுத்திருந்தது. முழு மார்க். சந்தேகங்களைப் பொறுமையாக விளக்குகிறார்களா? விளக்குகிறார்கள் என்று எழுதிவிட்டு, பொறுமை என்ற சொல்லுக்குப் பதில் சொல்லாமல் தாண்டினேன். பொழுதுபோக்கு வசதி உண்டா? டி.வி. உண்டு, ரிமோட் தொலைந்து ஒரே சேனலில் நின்றுவிட்டது. அதில் ஒரு மாமியார் வாரத்துக்கு மூன்று நாளும் எங்கள் முன்னால் அழுதார். ஐந்து மெஷினில் இருந்த நாங்கள் யாரும் அந்த அளவுக்கு அழுததில்லை. இதையும் மனசுக்கு ஆறுதல் என்று சேர்த்து எழுதினேன்.

பதினெட்டுக் கேள்வி வரை வண்டி ஓடிவிட்டது. பத்தொன்பதாவதில் மாட்டியது. இரண்டு சிகிச்சைகளுக்கு நடுவில் உங்களுக்கு எவ்வளவு எடை ஏறுகிறது? பக்கத்திலேயே மகள் எழுதியிருந்தாள்: இதுதான் ரொம்ப முக்கியம் அப்பா, அதிகமாக ஏறினால் அவர்கள் உங்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். மூன்று கிலோ என்று எழுதினால் ஏழாவது மாடி நிச்சயம். அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒரு வாரம் யோசித்தேன். யோசிக்கும்போது தாகம் எடுத்தது.

அந்த வாரம்தான் என் பெல்ட் கிழிந்தது. வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட். நாலு விரல் அகலம், முன்னால் மூன்று பை. தையல் விட்டுப் போனதால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துவிட்டு, கயிறு கட்டிய வேட்டியோடு சென்டருக்குப் போனேன். எடை மெஷினில் ஏறினேன். சிஸ்டர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"சார்! ஒண்ணு எண்ணூறுதான் ஏறியிருக்கு! எல்லாரும் சாருக்குக் கைதட்டுங்க!"

படுக்கையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கையில் ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. அதனால் மூன்று பேரும் மற்ற கையால் தொடையில் தட்டினார்கள். நீடாமங்கலத்துக்காரர் மட்டும் தட்டவில்லை. நான் நாடகக் கொட்டகையில் மாலை வாங்கிய நடிகன் மாதிரி கும்பிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது ஐயம்பேட்டை தாண்டியதும் எனக்கு உறைத்தது. பெல்ட். முதல் மாதம் முழுக்க அந்தப் பெல்ட்டோடுதான் எடை மெஷினில் ஏறியிருக்கிறேன். செருப்பையும் பையையும் வைத்துவிட்டு ஏறுங்கள் என்று சிஸ்டர் சொல்வார், வைப்பேன். பெல்ட் சட்டைக்குள்ளே இருக்கும். படுக்கும்போதுகூடக் கொக்கியை மட்டும் தளர்த்திக்கொள்வேன். அது ஒரு பொருள் என்றே எனக்குத் தோன்றியதில்லை. உடம்பில் ஒரு பகுதி. சாக்குக்குக் கழிவு போடாமல் ஒரு மூட்டையைக்கூட உள்ளே விடாதவன், என் சொந்தச் சாக்குக்குக் கழிவு போட மறந்திருக்கிறேன். அறுபத்திரண்டு என்பது நானும் பெல்ட்டும் சேர்ந்து.

புதன்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். ஆனால் பத்தொன்பதாவது கேள்வி காலியாக இருந்தது. தொடையில் தட்டிய சத்தம் காதில் இருந்தது. வீட்டுக்குப் போனதும் ஒன்று எண்ணூறு என்று எழுதி, ஆலைச் சீட்டில் போடுகிற மாதிரி அடியில் கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். மகள் அன்றைக்கே கூப்பிட்டாள். "அப்பா, அந்த சென்டர் ரொம்ப நல்லா இருக்கு! சென்னைக்கெல்லாம் வேணாம்," என்றாள். கொண்டாட்டத்துக்கு ஒரு டம்ளர் நீர்மோர் கூடுதலாகக் குடித்தேன்.

இந்த வித்தை ஒரு தடவைதான் பலிக்கும் என்று அடுத்த முறையே தெரிந்துவிட்டது. பெல்ட் இல்லாமல் இறங்கியவன் பெல்ட் இல்லாமல் ஏறினால் உள்ளது உள்ளபடிதான் காட்டும். ஆனால் வாங்கிய பேரை விட மனசு வரவில்லை. அதனால் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தேன். அது போதாமல் சாப்பாட்டைக் குறைத்தேன். டயாலிசிஸுக்கு முதல் நாள் மத்தியானம் சோறு வேண்டாம், ராத்திரி ஒரே இட்லி. என் மனைவி, "என்னங்க, பரீட்சைக்கா போறீங்க?" என்று கேட்டாள். தைத்து வந்த பெல்ட்டை அவள் கைப்பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். எடையெல்லாம் முடிந்து வெளியே வந்ததும் கட்டிக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரை, ஒன்று எண்ணூறு. ஒவ்வொரு முறையும் தொடைத்தட்டல்.

இரண்டு மாதத்தில் எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முதலில் மத்தியானத் தூக்கத்துக்கு இரண்டு தலையணை வேண்டியிருந்தது. அப்புறம் மூன்று. பஸ் நிறுத்தத்திலிருந்து சென்டர் வரை மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்குகிறது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதால் கடை பார்க்கிற மாதிரி நிற்பேன். செல்போன் கடை, டிராவல்ஸ், அப்புறம் ஒரு நைட்டிக் கடை. மூன்றாவது நாள் நைட்டிக் கடைக்காரர் வெளியே வந்து, "என்ன சைஸுங்க ஐயா?" என்றார். பின்னால் வந்த என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குப் பதில் சொல்லவும் மூச்சு இல்லை. கடைசியில் ஒரு நைட்டி வாங்க வேண்டியதாயிற்று.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. தண்ணீரில் நிற்கிறவனுக்குக் கழுத்து வரை ஏறின மாதிரி இருந்தது. சொன்னால் பேர் போகும், சென்னைக்கு அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை எடை மெஷினில் ஏறினேன். ஒன்றரை கிலோ. இருந்தவர்கள் வழக்கம்போலத் தொடையில் தட்டினார்கள். சிஸ்டர் என் முகத்தையும் காலையும் பார்த்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுத் தரையில் குந்தினார். என் வேட்டியை முழங்கால் வரை தள்ளி, கட்டை விரலை என் கால் எலும்பின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். எடுத்தார். விரல் போன பிறகும் குழி போகவில்லை. நாற்று பிடுங்கிய சேறு மாதிரி அப்படியே நின்றது.

"அந்தக் காலக் காட்டுங்க," என்றார். அங்கேயும் ஒரு குழி.

"சார், எடைச் சீட்டு உங்களுக்கு நல்ல பேரு குடுக்குது. கால் குடுக்கலையே. எத்தனை தலகாணி வச்சுப் படுக்குறீங்க?"

"ஒண்ணுதான் சிஸ்டர்."

"மூணுங்க," என்று வாசலிலிருந்து என் மனைவி சொன்னாள்.

சிஸ்டர் யோசித்தார். "மொத மாசம் எடை போட்டப்ப ஏதாச்சும் போட்டிருந்தீங்களா சார்? இப்பப் போடாதது?"

நான் மேலே ஆகாய விமானத்தைப் பார்த்தேன். பக்கத்துப் படுக்கையிலிருந்து தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"சிஸ்டர், அவரு இடுப்புல ஒரு பச்சை பெல்ட் இருக்கும். மில்லுல இருபது வருஷமாப் பாத்திருக்கேன், அது இல்லாம அவரப் பாத்ததே இல்ல. கைதட்டுன அன்னிலேருந்துதான் காணோம்."

"தெரிஞ்சே ஏன் ஐயா சொல்லல?"

"அவரா சொல்லுவாருன்னு பாத்தேங்க. எங்க நெல்லுக்கு அவரு ஒரு நாளும் பொய்க் கழிவு போட்டதில்ல."

அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

என் மனைவியின் கைப்பையிலிருந்து பெல்ட் வெளியே வந்தது. சிஸ்டர் அதை எடை மெஷினில் வைத்தார். ஒரு கிலோ முந்நூறு. அப்புறம் ஒவ்வொரு பையாகத் திறந்தார். ஆலைச் சாவிக்கொத்து, அதில் இரண்டு சாவி இடித்துப்போட்ட கொட்டகையுடையது. குத்தூசி. எவர்சில்வர் சுண்ணாம்பு டப்பி. டார்ச். ஒரு செல்போன். மகள் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்து கொடுத்து, அன்றைக்கே ரிப்பேரான இன்னொரு செல்போன். அந்த ஊர்ச் சில்லறை ஒரு கைப்பிடி. எடைக்கல் ஒன்று, இருநூறு கிராம். அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. எடைக்கல்லைப் பார்த்ததும் நீடாமங்கலத்துக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மெஷின் அலறியது. எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன், மூச்சு இடம் கொடுக்கவில்லை.

சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. டாக்டருக்குப் போன் பண்ணிப் பேசிவிட்டு வந்தார். "பெல்ட் ஒரு கிலோ முந்நூறு, அவ்வளவு தண்ணிய எடுக்காமயே விட்டிருக்கோம். அதுக்கு மேல பட்டினி கெடந்து சதை கொறைஞ்சிருக்கு. சதை போன எடத்துல தண்ணி உக்காந்திருக்கு, மெஷினுக்கு அது தெரியாது. ஒரே நாள்ல எடுக்க முடியாது சார், கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும்," என்றார். திட்டுக்காகக் காத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கேட்கட்டும் என்றுகூட இருந்தது. அவர் ஊசியைப் போட்டுவிட்டுத் தலை குனிந்தபடியே சொன்னார்.

"நான் கைதட்டச் சொன்னேன்ல, அதான் நீங்க சொல்லல. மூச்சு வாங்குதுன்னு சொல்ல முடியாதபடி நான்தான் பண்ணிட்டேன். மன்னிச்சுக்குங்க சார்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எங்கள் ஆலையில் தராசு தப்புக் காட்டினால் நெல்லைக் கொண்டு வந்தவனைத்தான் சந்தேகப்படுவோம். நான் என்னைச் சந்தேகப்பட்டதே இல்லை. அன்றிலிருந்து அங்கே கைதட்டல் நின்றது. எடைக்கு முன்னால் எல்லோருக்கும் இடுப்பைத் தடவிப் பார்க்கிற வழக்கம் வந்தது. அதில் நீடாமங்கலத்துக்காரர் எடை மெஷினில் நிற்கும்போது ஒரு விரலைச் சுவரில் ஊன்றுகிற விஷயமும் வெளியே வந்தது. கண்டுபிடித்துச் சொன்னவன் நான்தான். சும்மா விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட், பட்டினி, நைட்டி, கட்டை விரல். லிஸ்டில் நான் எழுதிய ஒன்று எண்ணூறு பொய் என்பதையும் சொன்னேன். ஏழாவது மாடி கண் முன்னால் வந்து நின்றது.

"எத்தனை நாளா மூச்சு வாங்குச்சு?"

"ஒரு மாசமா."

"நான் எல்லா ஞாயித்துக்கிழமையும் பேசினேனே அப்பா. எனக்குத் தெரியலையே."

"நீ பேசுறப்ப சின்னச் சின்னதாப் பதில் சொல்லுவேன்மா. அப்படிச் சொன்னா மூச்சு வாங்குறது கேக்காது."

"சென்னைக்குப் போக வேணாம். உங்க காலைத் தொட்டுப் பாக்குற ஆளு அங்கதான் இருக்காங்க. போனை அம்மாகிட்ட குடுங்க," என்றாள். மனைவியிடம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அம்மா, தினம் காலைல அப்பா காலை அமுக்கிப் பாரு. பாத்துட்டு எனக்கு மிஸ்டு கால் குடு. குழி விழுந்தா ரெண்டு தடவை. விழலைன்னா ஒரு தடவை."

மறுநாளிலிருந்து காலைக் காபிக்கு முன்னால் என் மனைவி தரையில் உட்கார்ந்து, மாவு பதம் பார்க்கிறவள் மாதிரி என் காலை அமுக்கினாள். இரண்டு மிஸ்டு கால் போகும். அந்த வாரம் முழுக்க இரண்டு. அடுத்த வாரமும் இரண்டு. அதற்கடுத்த வியாழக்கிழமை அவள் அமுக்கினாள், விரலை எடுத்தாள், குனிந்து பார்த்தாள். மறுபடியும் ஒரு இடத்தில் அமுக்கினாள். எழுந்து போய் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இரண்டாவது வருகிறதா என்று அங்கே மகள் காத்திருந்திருக்க வேண்டும். நல்ல நேரம் கழித்துத்தான் போன் அடித்தது. மனைவி கையிலிருந்து நான் வாங்கினேன். சிங்கப்பூரில் பஸ் சத்தத்துக்கு நடுவில் என் மகள் விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.